கொல்கத்தா ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஹவுரா பாலத்தின் மேல் நின்று நாலு படம் எடுத்துவிட்டு ஆற்றங்கரையைப் பார்த்தாயிற்று என்று கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் பெரிய வருத்தம். 1943-ல் திறந்த அந்தப் பாலம் பார்க்க வேண்டியதுதான், ஆனால் ஹூக்ளி என்கிற இந்த ஆற்றுக் கரையின் பிழைப்பும் வழிபாடும் அதற்குக் கீழே படித்துறைகளில் நடக்கின்றன, அதுவும் காலையில். பாலத்தடியில் இருக்கும் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் பத்து மணிக்கு மேல் போனால் வியாபாரத்தின் வேகம் அடங்கியிருக்கும். விடிகிற நேரத்துக்குப் போங்கள்.

போனால் சந்துக்கு நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். செண்டுமல்லி மாலைகளைச் சுருள் சுருளாகத் தலையிலும் தோளிலும் ஏற்றிக்கொண்டு வருகிறவர் உங்களுக்காக நின்றால் அந்தப் பாரம் முழுக்க அவர் கழுத்தில்தான் இறங்கும், கத்துகிறார் என்று கோபப்படாமல் ஓரமாக ஒதுங்கிவிடுங்கள். பாபுகாட் மாதிரி துறைகளில் குளிக்கிறவர்களையும் திதி கொடுக்கிறவர்களையும் கேட்காமல் படம் எடுப்பது அதைவிட மோசம். குளிக்கிற பெண்கள் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது.

இப்போது ஆற்றைப் பற்றி, இதுதான் முக்கியம். கடல் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறதே என்று ஹூக்ளியைச் சாதாரண ஆறாக நினைத்துவிடாதீர்கள், கடலின் ஏற்ற இறக்கம் கொல்கத்தாவைத் தாண்டியும் போகிறது, அதனால் ஒரே நாளில் தண்ணீர் தெற்கேயும் ஓடும், வடக்கேயும் ஓடும். நீர் வற்றியிருக்கும்போது தெரிகிற அடிப்படிகளில் வண்டல் படிந்து வழுக்கும், அங்கே இறங்கி உட்கார வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நீர் அலையாக எழும்பி ஆற்றை எதிர்த்து ஏறி வரும், ஊர்க்காரர்கள் அதை ‘பான்’ என்கிறார்கள். கரையோரம் நிற்கிற படகை அது படியில் மோதி உடைத்துவிடும் என்பதால் படகோட்டிகள் முன்கூட்டியே நடு ஆற்றுக்குப் போய்விடுவார்கள். அப்படிப் படகுகள் ஒன்றாகக் கரையை விட்டு விலகுவதைப் பார்த்தால், வேடிக்கை பார்க்காமல் மேல்படிக்கு ஏறிவிடுங்கள்.

ஆற்றை ஒட்டிப் போகிற ஸ்ட்ராண்ட் சாலைக்கும் படித்துறைக்கும் இடையில், நகரைச் சுற்றி ஓடுகிற சர்க்குலர் ரயிலின் தண்டவாளம் இருக்கிறது. ரயில் உண்மையிலேயே ஓடுகிறது, இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து போங்கள்.

அப்புறம், 2024-லிருந்து ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது. ஆற்றைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, அவசரத்துக்கு நல்லதுதான், ஆனால் ஒன்றுமே தெரியாது. ஹவுராவிலிருந்து ஃபெர்ரி பிடியுங்கள், கட்டணம் சில ரூபாய்தான், வேலைக்குப் போகிற கூட்டத்தோடு நின்றுகொண்டே இரு கரையையும் பார்க்கலாம். ஷோபாபஜார் துறையில் இறங்கினால் சிலை செய்கிற குமார்துலி நடக்கிற தூரம். அதற்கான களிமண்ணும் ஆற்று வழியாகத்தான் படகில் வந்து இறங்குகிறது. நிறையப் பேர் துர்கா பூஜை நாட்களிலேயே அங்கே போய் ஏமாறுகிறார்கள், அதற்குள் துர்க்கைச் சிலைகளெல்லாம் பந்தல்களுக்குப் போயிருக்கும். ஒன்றிரண்டு மாதம் முன்னால் போனால் வைக்கோல் கட்டுவதும் மண் பூசுவதும் கண்ணெதிரே நடக்கும். சந்து குறுகல், உங்கள் முதுகுப்பை உரசினாலே ஈரமண் விரல் ஒன்று உடைந்துவிடலாம், அதனால் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நடங்கள்.