பழைய டூரிங் பைக் மக்கர் செய்கிறதா? முதலில் இதையெல்லாம் பாருங்கள்

நெடுந்தூரம் ஓடிக் களைத்த பழைய டூரிங் வண்டி அவ்வப்போது ஏதாவது ஒரு தகராறு செய்யும். எஞ்சினைப் பிரிக்கிற அளவுக்குப் போவது அபூர்வம். பெரும்பாலும் லூசான நட்டு, பூத்துப்போன டெர்மினல், தொய்ந்த செயின் என்ற அளவில் முடிந்துவிடும்.

8 முதல் 17 மி.மீ. வரை ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், வோல்ட் அளக்க மல்டிமீட்டர், பழைய டூத் பிரஷ், உப்புத்தாள் இருந்தால் போதும். எதைக் கழற்றுவதற்கு முன்னும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து, ஓட்டிப் பாருங்கள். பலவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

1. செல்ஃப் அடித்தால் 'டக் டக்' சத்தம் மட்டும்

வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு, பேட்டரியில் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் போடுங்கள்.

அப்புறம் டெர்மினல். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவில் தொடங்கினால், ஸ்பேனர் தவறி ஃபிரேமில் பட்டதுமே தீப்பொறி பறக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரை பிரஷில் தொட்டுத் தேயுங்கள். பேட்டரிக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் லேசாக உரசி, பாசிட்டிவை முதலில் மாட்டி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவுங்கள்.

நெகட்டிவ் வயரின் மறுமுனையையும் பாருங்கள். நான் புது பேட்டரியே வாங்கி மாட்டியும் அதே 'டக் டக்' கேட்டது. கடைசியில் பார்த்தால், எஞ்சினோடு சேரும் எர்த் போல்ட் விரலாலேயே சுற்றுகிற அளவுக்கு லூசு. அடியில் துரு வேறு. கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை உரசி இறுக்கினேன். ஒரே அழுத்தில் ஸ்டார்ட்.

ஸ்டார்ட் ஆனபின் எஞ்சினை 4000 ஆர்பிஎம் அளவுக்கு ஏற்றி மீட்டரைப் பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை நின்றால் சரி. 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-க்கு மேல் போனால், சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள்.

2. சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது

மாதக்கணக்கில் நின்ற கார்புரேட்டர் வண்டியில் இது வழக்கம். பழைய பெட்ரோல் பிசுபிசுத்து, ஐட்லிங்கில் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட்டை அடைத்திருக்கும். எஞ்சின் ஆறியபின், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில், ஃப்ளோட் பவுலின் (கார்புரேட்டருக்குக் கீழே பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, பழையதை ஒரு டப்பாவில் வடித்துவிட்டுப் புது பெட்ரோல் விடுங்கள். பல நேரம் இதுவே போதும். போதாவிட்டால் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதுதான். நான்கு கார்புரேட்டர் வண்டியில் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

3. செயின்

செயினுக்குப் பதில் சுழலும் தண்டு சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் வண்டிக்காரர்கள் இதைத் தாண்டலாம். 1975-இல் வந்த ஹோண்டாவின் முதல் கோல்ட்விங் டூரிங் பைக்கே ஷாஃப்ட்தான், கொடுத்துவைத்தவர்கள்.

சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயின் ஓடும் பல்சக்கரம்) நடுவில், கீழ்ச் செயினை விரலால் மேலும் கீழும் தள்ளி அளவெடுங்கள். பல வண்டிகளுக்கு 25 முதல் 35 மி.மீ. ஆட்டம் இருக்கும், உங்கள் வண்டிக்கான அளவும் எந்த ஸ்டாண்டில் அளக்க வேண்டும் என்பதும் மேனுவலில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடங்களில் பாருங்கள். பழைய செயின் ஓரிடத்தில் தொய்ந்தும் ஓரிடத்தில் விறைத்தும் இருக்கும். விறைத்த இடத்தை வைத்தே அளவு வைக்க வேண்டும்.

ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இருபுறத்து அட்ஜஸ்டரையும் கால் சுற்று, கால் சுற்றாகச் சமமாகத் திருப்புங்கள். அட்ஜஸ்டர் பக்கத்திலுள்ள அளவுக் கோடுகள் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். ஆக்சிலை மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் விசை அளவு) இறுக்கியபின் இன்னொரு முறை அளந்து பாருங்கள், இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு தொய்வாகவே விடுங்கள். சீட்டில் இருவரும் பின்னால் பெட்டிகளும் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கினால் செயின் இன்னும் இறுகும். கியர்பாக்ஸ் பேரிங்தான் அடி வாங்கும்.

மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்து, செயின் லூப் (மசகு எண்ணெய்) போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுத் துடைக்கவே கூடாது. ஒரு நொடியில் விரல் போய்விடும்.

4. கிளட்ச், பிரேக்

கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. சும்மா ஆட்டம் இருப்பது பல கேபிள் வண்டிகளில் சரியான அளவு. கேபிளின் நுனியில் ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் உடனே புது கேபிள் போடுங்கள்.

பிரேக் லீவர் பஞ்சு போல அமுங்கினால் அன்று வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை எடுக்கும் வேலையை முதல் முறை செய்யும்போது, ஏற்கெனவே செய்தவர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். டேங்க் மேல் தடிமனான துணியையும் விரித்துவிடுங்கள், பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும்.