'கைவிடுதல்' என்ற ஒரே பொருளில் சிக்கிய மூன்று சொற்கள்

வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.ஈ. தேர்வுக்காக நாளுக்கு 30 ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்து வந்தேன். ஆனால் மாதிரித் தேர்வுகளில் அப்டிகேட் (abdicate), அப்ரோகேட் (abrogate), அப்ஜூர் (abjure) ஆகிய மூன்றும் ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கொன்று மாறிப்போயின. அட்டைகளைக் கலைத்துப் போட்டுப் படித்தேன், பத்துப் பத்து முறை எழுதிப் பார்த்தேன். இரண்டு வாரம் வீணானதுதான் மிச்சம்.

பிறகுதான் என் குறிப்பேட்டில் மூன்றுக்கும் நேராக 'கைவிடுதல்' என்றே எழுதியிருந்ததைக் கவனித்தேன். எதைக் கைவிடுவது என்பதையும் சேர்த்து எழுதினேன்: முதலாவது, 1936இல் பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டு செய்ததைப் போல அரியணையைத் துறப்பது, இரண்டாவது, சட்டத்தையோ ஒப்பந்தத்தையோ நீக்குவது, மூன்றாவது, சத்தியம் செய்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்தது என்பதால், கொண்ட கொள்கையைச் சத்தியம் செய்து கைவிடுவது. 'அப்' என்னும் முன்னொட்டு மூன்றுக்கும் பொது. வேறுபாடு பின்பாதியில்தான் இருக்கிறது. அதற்குப் பின் எழுதிய மாதிரித் தேர்வுகளில் அவை மாறவில்லை, பெரிய நிம்மதி.