பழைய காரின் சர்ப்பன்டைன் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றும் முறை

இன்ஜினின் முதன்மைத் தண்டோடு சுழலும் சக்கரமான கிராங்க் புல்லியின் சுழற்சியை, பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப், ஏ.சி. கம்ப்ரஸர் ஆகியவற்றுக்கும், பல இன்ஜின்களில் வாட்டர் பம்ப்புக்கும் சேர்த்து சர்ப்பன்டைன் பெல்ட் என்ற ஒரே பெல்ட் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஓட்டத்தில் அது அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், ஸ்டீயரிங் கனக்கும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடும் காராக இருந்தால் இன்ஜின் விரைவில் கொதிக்கத் தொடங்கிவிடும் என்பதால், வண்டியை உடனே ஓரங்கட்டி நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. பெல்ட்டைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலையன்று. ஆனால் புல்லிகளையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பார்க்காமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால், பழைய சத்தம் புதிய பெல்ட்டிலும் திரும்ப வந்துவிடும்.

இங்கே விளக்கப்படுவது, ஸ்பிரிங்கால் தானே இறுக்கிக்கொள்ளும் டென்ஷனர் உள்ள கார்களுக்கான முறை. 2000களின் தொடக்கத்தில் வந்த 1.8 லிட்டர் டொயோட்டா கொரோலா இந்த வகையைச் சேர்ந்தது. சில கார்களில் ஆல்டர்னேட்டரைத் தளர்த்தி நகர்த்தித்தான் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். வேறு சிலவற்றில் டென்ஷனரே இல்லாமல், இழுபடும் தன்மையுள்ள பெல்ட் போட்டிருப்பார்கள். இழுபடும் பெல்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது, அதற்கென்றே உள்ள கருவி வேண்டும். இன்ஜினுக்குள் மூடியின் பின்னால் ஓடும் டைமிங் பெல்ட் முற்றிலும் வேறானது. அதில் இந்த முறையைக் கைக்கொள்ளவே கூடாது.

பழைய பெல்ட்டின் நிலையை மதிப்பிடும்போது வெடிப்புகளை மட்டும் தேடுவது போதாது. முன்பு வந்த நியோப்ரீன் பெல்ட்டுகள் வயதானால் வெடிக்கும். இப்போது பெரும்பாலும் கிடைக்கும் இ.பி.டி.எம். ரப்பர் பெல்ட்டுகளோ டயரைப் போலத் தேயும். வெடிப்பே இல்லாமல் பள்ளங்கள் அகன்று, புல்லியைப் பிடிக்கும் பிடியை இழந்துவிடும். எண்ணெயோ கூலன்ட்டோ ஊறிய பெல்ட் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். அதைவிட முக்கியமாக, அந்தக் கசிவு எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டு முதலில் அடைக்க வேண்டும்.

புதிய பெல்ட் வாங்கும்போது பழையதன் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 6 பி.கே. 1660 என்றிருந்தால் பெல்ட்டின் உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் 6 வரிகள், 1660 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். ஒரே மாடலில் ஏ.சி. உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் நீளம் வேறுபடலாம் என்பதால், கார் பெயரை மட்டும் கடையில் சொல்லி வாங்கி வருவது நம்பகமானதன்று.

வேலையை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே தொடங்க வேண்டும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். இன்ஜின் குறுக்கே அமைந்த கார்களில் மேலிருந்து கை எட்டாவிட்டால், பெல்ட் இருக்கும் பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தடுப்பை விலக்க வேண்டியிருக்கும். அப்போது காரை ஜாக்கின் மேல் மட்டும் நிறுத்தி வைக்காமல், கட்டாயம் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும்.

பெல்ட் செல்லும் வழியைக் காட்டும் படம் பல கார்களில் பானெட்டின் உட்புறத்திலோ ரேடியேட்டருக்கு மேலுள்ள பட்டையிலோ ஒட்டப்பட்டிருக்கும். பழைய காரில் அது உரிந்துபோயிருக்க வாய்ப்புண்டு. ஆகவே பெல்ட்டைத் தொடுவதற்கு முன்பே பல கோணங்களில் புகைப்படம் எடுத்துக்கொண்டு, தாளிலும் வரைந்துவிடுங்கள். வரையும்போது பெல்ட்டின் எந்தப் பக்கம் எந்தப் புல்லியில் படுகிறது என்பதையும் குறிக்க வேண்டும்: வரியுள்ள பக்கம் வரியுள்ள புல்லிகளிலும், வழவழப்பான முதுகு வழவழப்பான புல்லிகளிலும் பட வேண்டும் என்பதே விதி. மாட்டும்போது குழம்பினால் இந்த ஒரு விதியே பெரும்பாலும் வழிகாட்டிவிடும்.

டென்ஷனரின் கையில் ராட்செட் நுழையும் சதுரத் துளையோ, ஸ்பேனர் பிடிக்கும் அறுகோண மேடோ இருக்கும். மேலே சொன்ன கொரோலாவில் 19 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். திருப்ப வேண்டிய திசை காருக்குக் கார் மாறும். டென்ஷனர் புல்லி பெல்ட்டை விட்டு விலகிப் போகும் திசையே சரியான திசை. ஸ்பிரிங் வலுவானது என்பதால் நீண்ட கைப்பிடி இருந்தால் நல்லது. சீராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, எளிதாக எட்டும் ஒரு புல்லியிலிருந்து பெல்ட்டை நழுவவிட்டு, பிறகு டென்ஷனரை மெதுவாகத் திரும்ப விடுங்கள். சட்டென விட்டால் விரல் நசுங்கும், டென்ஷனரும் கெடும்.

பெல்ட் இல்லாத இந்த நேரத்தில் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். டென்ஷனர் புல்லியும், பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் உள்ள ஐட்லர் புல்லியும் சத்தமில்லாமல், ஆட்டமில்லாமல் சுழல வேண்டும். கரகரவென்று மணல் அரைப்பதுபோல் இருந்தால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். வாட்டர் பம்ப் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து, ஆட்டமோ கூலன்ட் கசிந்து காய்ந்த தடமோ தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். புல்லிப் பள்ளங்களில் படிந்த ரப்பர் துகளையும் துருவையும் தூரிகையால் துடைத்தெடுங்கள். டென்ஷனரின் கை திக்கித் திக்கி நகர்ந்தாலோ, பக்கவாட்டில் சாய்ந்திருந்தாலோ, பெல்ட்டோடு அதையும் மாற்றிவிடுவதே சிக்கனம்.

புதிய பெல்ட்டைக் கிராங்க் புல்லியில் தொடங்கிப் படத்தின்படி சுற்றி வாருங்கள். விளிம்பில்லாத வழவழப்பான புல்லி ஏதேனும் எட்டும் இடத்தில் இருந்தால், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது கைக்கு எளிது. டென்ஷனரை மறுபடி விலக்கிப் பெல்ட்டை ஏற்றி மெதுவாக விட்ட பிறகு, ஒவ்வொரு புல்லியின் ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வரி வெளியே தள்ளியிருப்பது கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது, அப்படியே ஓடவிட்டால் புதிய பெல்ட் கிழிந்துவிடும். கண் எட்டாத கீழ்ப்புறத்துக்குச் சிறு கண்ணாடி உதவும்.

கழற்றியவற்றையெல்லாம் மாட்டி, கருவிகளை வெளியே எடுத்து, பேட்டரியை இணைத்த பின், இன்ஜினைச் சில விநாடிகள் மட்டும் ஓடவிட்டு நிறுத்தி, பெல்ட் எல்லாப் பள்ளங்களிலும் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று மீண்டும் பாருங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யையும் ஹெட்லைட்டையும் போட்டு, ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பிச் சோதிக்கலாம்.

இதற்குப் பின்னும் கீச்சொலி கேட்டால், ஓடும் பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் சற்றுத் தள்ளி நின்று தண்ணீரைச் சிறிது தெளித்துப் பாருங்கள். சத்தம் ஒரு கணம் அடங்கி மீண்டும் வந்தால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை, டென்ஷனரைச் சந்தேகிக்க வேண்டும். பெல்ட்டில் அடிக்க விற்கும் ஸ்பிரேக்கள் இந்த இரண்டில் எதையும் சரிசெய்வதில்லை, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் மிச்சம்.