குழந்தைக்கான சதுரங்கக் காணொளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன், காணொளியின் தொடக்கத்தை மட்டுமன்றி நடுப்பகுதியையும் ஒலியுடன் பாருங்கள். வசைச்சொற்களும் பந்தயச் செயலி விளம்பரங்களும் பின்னர்கூட இடம்பெறலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடமே தரப்படும் ‘புல்லட்’ எனும் அதிவேக ஆட்டங்களின் நேரலையில், நேர நெருக்கடியில் ஆட்டக்காரர் கட்டுப்பாடின்றிப் பேசுவதும், பக்கத்தில் ஓடும் அரட்டையில் முகமறியாதவர்கள் எழுதுவதும் சிறுவர்களுக்கு ஏற்றவையல்ல.

அடுத்து, கற்பிக்கும் தரத்தைக் கவனியுங்கள். நான்கே நகர்த்தல்களில் ராஜாவை வீழ்த்தும் தந்திரத்தைக் காட்டுபவர், கறுப்புக் காய்களை ஆடுபவர் தம் ராஜாவை ஒட்டியுள்ள, அந்தத் தாக்குதல் குறிவைக்கும் எஃப்7 கட்டத்தை எவ்வாறு காக்கலாம் என்பதையும் விளக்கினால்தான் அது பாடமாகும். தவறாக ஆடியவரைக் கேலி செய்யும் காணொளியை, அதன் ஆட்ட நுட்பம் எவ்வளவு உயர்ந்ததாயினும், நான் எந்தக் குழந்தைக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை நிறுத்திவிட்டு, பார்த்த ஆட்டநிலையைப் பலகையில் அடுக்கி விளக்குமாறு பிள்ளையிடம் கேளுங்கள்.