இரண்டாவது மானிட்டர் வாங்கும் முன் உயரத்தை அளந்து பாருங்கள்

மானிட்டர் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் அங்குலக் கணக்கு, திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையுள்ள குறுக்களவு. ஒரே ஒரு மானிட்டர் வாங்குகிறவருக்கு அது போதும். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறவருக்கு அந்த எண் அதிகம் உதவாது. திரையின் உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, ஒரு அங்குலத்துக்குள் எத்தனை பிக்சல் (திரையில் படத்தை உருவாக்கும் நுண்கட்டம்) என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

நான் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். ஒரு திரையில் ஆசிரியரின் கையெழுத்துப் பிரதி, இன்னொன்றில் வடிவமைத்த பக்கம். கண் நாள் முழுக்க இங்கும் அங்கும் போய்வந்துகொண்டே இருக்கும். இங்கே ஒரு வரியைப் படித்துவிட்டு அங்கே தாவும்போது எழுத்து சட்டென்று பெரிதாகவோ சிறியதாகவோ தெரிந்தால் வரி தவறிவிடும். பக்கத்துத் திரையின் மேல் விளிம்பு ஒரு சாண் உயரத்தில் இருந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதனால் இரண்டு திரைகளும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கணக்கு எழுதுகிறவர், நிரல் எழுதுகிறவர், மொழிபெயர்க்கிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் அளவுகள். வழக்கமான 16:9 திரையில் (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு), 24 அங்குலம் என்றால் அகலம் 53 செ.மீ., உயரம் 30 செ.மீ. 27 அங்குலம் 60-க்கு 34. 32 அங்குலம் 71-க்கு 40. சுற்றியுள்ள சட்டம் தனி. 24-ஐயும் 32-ஐயும் அருகருகே வைத்தால் உயரத்தில் 10 செ.மீ. வித்தியாசம் வரும். 24-ஐயும் 27-ஐயும் வைத்தால் 4 செ.மீ. தான், அதைக் கண் பொறுத்துக்கொள்ளும். 34 அங்குல அகலத்திரை (வழக்கத்தைவிட அகலம் கூடிய 21:9 வகை) பெயரில்தான் பெரியது. அதன் உயரம் 33 செ.மீ. சொச்சம், கிட்டத்தட்ட 27 அங்குலத் திரையின் உயரமேதான். இந்த இரண்டும் நல்ல ஜோடி.

அடுத்தது பிக்சல் அடர்த்தி. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இதில்தான். 24 அங்குல ஃபுல் ஹெச்டி (1920-க்கு 1080 பிக்சல்) திரையில் அங்குலத்துக்கு 92 பிக்சல். அதே ஃபுல் ஹெச்டி 27 அங்குலத்தில் வந்தால் 82 ஆகக் குறைந்துவிடும். 27 அங்குலம், 2560-க்கு 1440 பிக்சல் என்றால் 109. 32 அங்குலத்தில் அதே 1440 என்றால் மறுபடி 92. 4கே (3840-க்கு 2160 பிக்சல்) திரை 27 அங்குலத்தில் 163, 32 அங்குலத்தில் 138. இந்த எண்ணை, கணினியில் நீங்கள் வைக்கப்போகும் ஸ்கேலிங்கால், அதாவது எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் சதவீதத்தால், வகுத்துப் பாருங்கள். இரண்டு திரைக்கும் விடை நெருங்கி வந்தால் எழுத்து இரண்டிலும் ஒரே அளவில் தெரியும்.

உதாரணத்துக்கு, 27 அங்குல 4கே திரையை 150 சதவீதத்தில் வைத்தால் 163-ஐ 1.5-ஆல் வகுக்க 109 வரும். 32 அங்குல 4கே-யை 125 சதவீதத்தில் வைத்தால் 110. ஆக, இந்த இரண்டில் எதுவும் 100 சதவீதத்தில் இருக்கும் 27 அங்குல 1440 திரையோடு கச்சிதமாகப் பொருந்தும். 15.6 அங்குல ஃபுல் ஹெச்டி லேப்டாப்பை 125-இல் வைத்தால் 113, அதுவும் சேர்ந்துகொள்ளும். உங்களிடம் 24 அங்குல ஃபுல் ஹெச்டி ஏற்கெனவே இருந்து, பக்கத்தில் 27 அங்குல 4கே வாங்கினால் புதியதை 175 சதவீதத்தில் வையுங்கள். 93 வரும், பழையதோடு இணையும். விண்டோஸில் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி ஸ்கேலிங் வைக்கலாம் என்பதால் இது சுலபம். மேக்கில் இந்தச் சதவீதக் கணக்கு கிடையாது. அங்கே 110-ஐ ஒட்டியோ 220-ஐ ஒட்டியோ இருக்கும் திரைகளில்தான் எழுத்து இயல்பாக, கூர்மையாக அமையும்.

அளவு ஒத்துப்போவது வேறு, தெளிவு வேறு. வாங்கும் முன் கடையிலோ தெரிந்தவர் வீட்டிலோ அந்த மானிட்டரில் ‘எண்ணினான்’, ‘கிண்ணம்’, ‘கன்னம்’ என்று 10 புள்ளி (பாயிண்ட்) எழுத்தளவில் தட்டச்சு செய்து பாருங்கள். மூன்று சுழி ண-வின் சுழிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா? மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் நிற்கிறதா? 100 சதவீத ஸ்கேலிங்கில் 10 புள்ளி எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 13 பிக்சல்தான். 24 அங்குல ஃபுல் ஹெச்டியை விட்டு 27 அங்குல ஃபுல் ஹெச்டிக்குப் போனாலும் அதே 13 தான். எழுத்து பெரிதாகும், அதோடு சொரசொரப்பும் பெரிதாகும். 4கே-யில் 150 சதவீதம் வைத்தால் அதே எழுத்துக்கு 20 பிக்சல் கிடைக்கும், சுழிகள் பிரிந்து நிற்கும். நாள் முழுக்க எழுத்தையே பார்க்கிறவருக்கு 27 அங்குல ஃபுல் ஹெச்டி வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஃபுல் ஹெச்டிதான் கைக்கு எட்டும் என்றால் 24-இலேயே நில்லுங்கள்.

சரி, எந்த ஜோடி? அது உங்கள் வேலையைப் பொறுத்தது. இரண்டு திரையையும் சரிபாதி பார்க்கிறவர் என்றால், இரண்டும் சேரும் இடம் மூக்குக்கு நேராக வரும்படி வைத்து இரண்டையும் லேசாக உள்பக்கம் திருப்புவார். அவருக்கு ஒரே மாதிரி இரண்டு 24, அல்லது இரண்டு 27. இரண்டு 32 வேண்டாம். கண்ணிலிருந்து திரை ஏறத்தாழ 60 செ.மீ. தூரத்தில் இருக்கும், நேராக வைத்த இரண்டு 32-இன் வெளி ஓரங்கள் நடுவிலிருந்து 71 செ.மீ. தள்ளிப் போய்விடும். அந்த ஓரத்தைப் பார்க்கக் கண் போதாது, தலையையே திருப்ப வேண்டும். மாறாக, ஒன்றில்தான் வேலை, மற்றது மின்னஞ்சலுக்கும் அகராதிக்கும் என்றால் பெரியதை நேர் எதிரே வையுங்கள். துணைத்திரை சிறியதாகவே இருக்கட்டும்.

துணைத்திரையை நிமிர்த்தி வைப்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. 24 அங்குலத் திரையைச் செங்குத்தாகத் திருப்பினால் 30 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரம். ஒரு ஏ4 பக்கம் 21-க்கு 29.7 தானே, அசல் அளவிலேயே முழுப் பக்கமும் தெரிந்து, கீழே குறிப்பெழுத இடமும் மிஞ்சும். 27-ஐ நிமிர்த்தினால் உயரம் 60 ஆகிவிடும், மேல் ஓரத்தைப் படிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருப்பதுதான் நல்லது. நிமிர்த்தப்போகும் திரை ஐபிஎஸ் வகையாக, அதாவது பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத பலகமாக, இருக்கட்டும். டிஎன் என்ற இன்னொரு வகைப் பலகத்தைத் திருப்பி வைத்தால் பக்கவாட்டில் நிறம் மாறித் தெரியும்.

முன்பெல்லாம் 30 அங்குல 2560-க்கு 1600 திரையை நடுவில் வைத்து, 20 அங்குல 1600-க்கு 1200 திரைகளை இருபுறமும் நிமிர்த்தி வைப்பார்கள். மூன்றுக்கும் உயரம் 40 செ.மீ., மூன்றிலும் அடர்த்தி 100-ஐ ஒட்டி. குறுக்களவில் 10 அங்குலம் வித்தியாசமுள்ள திரைகள் அவ்வளவு அழகாகப் பொருந்தின!

அளவை மனதில் முடிவு செய்ததும் மேசையில் சோதித்துப் பாருங்கள். பழைய செய்தித்தாளைத் திரையின் அளவுக்கு, 60-க்கு 34 என்றோ 71-க்கு 40 என்றோ, வெட்டி, மானிட்டர் நிற்கப்போகும் இடத்தில் அட்டையில் ஒட்டி நிறுத்தி ஒரு மாலை முழுக்க எதிரே உட்காருங்கள். பெரும்பாலானோர் மேசையின் அகலத்தை மட்டும் அளக்கிறார்கள், ஆழம்தான் இடிக்கும். 60 செ.மீ. ஆழமுள்ள மேசையில் ஸ்டாண்டே 20 செ.மீ. எடுத்துக்கொண்டால் 32 அங்குலத் திரை முகத்துக்கு மிக அருகில் வந்துவிடும். அப்புறம், அகலக் கால் ஸ்டாண்டுகள் இரண்டு சேரும்போது கால்கள் ஒன்றோடொன்று முட்டி, திரைகளுக்கு நடுவே இடைவெளி விழும். மானிட்டரின் பின்னால் 100 மி.மீ. இடைவெளியில் நான்கு வெசா துளைகள் (தாங்கியில் திருகி மாட்டுவதற்கான பொதுத் தரத் துளைகள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கை போன்ற தாங்கியில் மாட்டி இரண்டு தொல்லையையும் தீர்த்துவிடலாம், உயரத்தையும் மில்லிமீட்டர் சுத்தமாக ஒத்துவைக்கலாம்.

கணினி எத்தனை திரையைத் தாங்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆப்பிளின் எம்1, எம்2 அடிப்படைச் சிப் உள்ள மேக்புக்குகள் வெளித்திரை ஒன்றைத்தான் நேரடியாக ஏற்கும். கணினியையும் திரையையும் இணைக்கும் ஹெச்டிஎம்ஐ-யின் பழைய 1.4 பதிப்பு வழியாக 4கே திரைக்கு நொடிக்கு 30 ஃபிரேம்தான் கிடைக்கும், மவுஸ் இழுபடும். 60 வேண்டுமென்றால் ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு இணைப்பு.

இணைத்த பிறகு, டிஸ்ப்ளே அமைப்பில் திரைகளைக் காட்டும் கட்டங்கள் பிக்சல் கணக்கில் வரைந்தவை, சென்டிமீட்டரில் அல்ல. அதனால் 4கே திரையின் கட்டம் பக்கத்து ஃபுல் ஹெச்டியைவிட மிகப் பெரிதாகத் தெரியும். மவுஸை அடிக்கடி எந்த உயரத்தில் கடத்துவீர்களோ, அந்த இடம் இரண்டு கட்டத்திலும் நேராக வரும்படி இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் சுட்டி விளிம்பில் முட்டி நிற்கும்.

மூன்றாவது திரை வேண்டும் என்று தோன்றினால், பக்கவாட்டில் இன்னொரு மானிட்டரைச் சேர்க்காதீர்கள். மூன்று 24-க்கே 160 செ.மீ. ஆகிவிடும். லேப்டாப்பைத் திறந்து நடுத் திரைக்குக் கீழே, விசைப்பலகைக்குப் பின்னால் வையுங்கள். பார்வையைச் சற்றுத் தாழ்த்தினால் போதும், கழுத்து திரும்ப வேண்டியதில்லை.