இரண்டு துறை, ஒரு பட்டம்: கடலோரத்துப் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

பாசி எடுக்கும் பெண்களின் பிழைப்பையும் பவளப்பாறையின் நிலையையும் ஒரே ஆய்வில் பார்க்கவேண்டும் என்று பாம்பன் பக்கத்து மாணவி ஒருத்தி நினைக்கிறாள். அவள் எந்தத் துறையில் விண்ணப்பம் வாங்குவது? கடல் உயிரியலில் கேட்டால், “பேட்டியெல்லாம் சமூகவியல்காரங்க வேலைம்மா” என்பார்கள். சமூகவியலுக்குப் போனால், “பாசியோட பேரே எங்களுக்குத் தெரியாதே” என்று சிரிப்பார்கள். இப்படி இரண்டு வாசலுக்கு நடுவில் நிற்பவர்களுக்காகவே சில பல்கலைக்கழகங்கள் ஒரு வழி வைத்திருக்கின்றன. மாணவரே கேள்வியை முன்வைத்து, பாடத்திட்டத்தை வரைந்து, வெவ்வேறு துறைப் பேராசிரியர்களைக் குழுவாகச் சேர்த்து, முதுகலையோ முனைவர் பட்டமோ வாங்கலாம். கனடாவில் கன்கார்டியா, சைமன் ஃபிரேசர், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே தனித் திட்டங்கள் உண்டு. நம் நாட்டில் அந்த அளவு சுதந்திரம் அரிது. ஒரு துறையில் கைடு, இன்னொரு துறையில் கோ-கைடு என்று பிஎச்டி பதிவது இங்கே நடைமுறையில் உள்ள வழி.

ராமநாதபுரம் கரையில் இதற்குச் சரக்குக்குப் பஞ்சமில்லை. மண்டபம் முகாமில் மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது; கடல்பாசி ஆராய்ச்சிக்குப் பேர்போன மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் அங்கேயே. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை. தொல்லியலுக்கு வைகை முகத்துவாரத்தில் அழகன்குளம், கொஞ்சம் தெற்கே பெரியபட்டினம்; அரபு எழுத்தில் எழுதின தமிழான அர்வி ஏடுகளுக்குக் கீழக்கரை. ஆர்வத்தோடு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் பாதியில் நின்றுபோனவர்களைப் பார்த்தால், படிப்பு வராமல் நின்றவர்கள் குறைவு. சேருமுன் பேசித் தீர்க்கவேண்டியதைச் சேர்ந்தபின் பேசலாம் என்று விட்டவர்கள்தான் அதிகம்.

தலைப்பில் எல்லாவற்றையும் அள்ளிப்போடுவது

“காலநிலை மாற்றம், பாலினம், வாழ்வாதாரம், கடல்சார் பண்பாடு: மன்னார் வளைகுடாவை முன்வைத்து ஓர் ஆய்வு.” இப்படி ஒரு தலைப்போடு வருபவரிடம், “சரி, இதுல உங்க கேள்வி என்ன?” என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. துறைகளை முதலில் சேர்த்துவிட்டு, அப்புறம் கேள்வியைத் தேடியதால் வந்த வினை.

கேள்வி எப்படித் துறைகளைக் கூப்பிடும் என்பதற்கு நம் கரையிலேயே ஒரு சான்று உண்டு. கப்பாபைகஸ் நம் கடலுக்குச் சொந்தமில்லாத பாசி. 2000-ஐ ஒட்டி மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் வளர்க்க ஆரம்பித்தார்கள். பல குடும்பங்களுக்கு வருமானம் வந்தது. 2005-இல் தமிழக அரசு அதன் வளர்ப்பைப் பாக் விரிகுடாவின் வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் என்று கட்டுப்படுத்தியது. 2008-இல், குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் அது படர்ந்திருப்பது ஆய்விதழில் வெளியானது. இப்போது கேளுங்கள்: மிதவை எங்கே போடலாம், எங்கே கூடாது என்று முடிவெடுப்பது யார்? அந்த முடிவின் நட்டத்தை யார் தலையில் கட்டுகிறார்கள்? பாசி எப்படிப் பரவுகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லமுடியாது. ஒப்பந்தம் எப்படிப் போடுகிறார்கள், சுய உதவிக் குழுவுக்குக் கடன் எப்படி வருகிறது என்று தெரியாமலும் முடியாது. ஒன்றை எடுத்துவிட்டால் கேள்வியே விழுந்துவிடும். அப்படி விழவேண்டும், அதுதான் சோதனை.

விழவில்லை என்றால் இந்தப் பட்டம் உங்களுக்குத் தேவையில்லை. அழகன்குளத்துப் பானை ஓட்டின் மண்ணை வேதியியல் ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பதற்காகத் தொல்லியலையும் வேதியியலையும் கலந்து பட்டம் வாங்க ஒருவர் புறப்பட்டால், நான் தடுப்பேன். அது தொல்லியல் ஆய்வு. ஆய்வகத்தில் கேட்டு ஓட்டைச் சோதித்துக்கொள்ளலாம், ஒரு முழுப் பட்டத்தையே திருகவேண்டியதில்லை. வெளிநாட்டுத் திட்டங்களும் விண்ணப்பத்தில் இதைத்தான் தோண்டுவார்கள்: ஏற்கெனவே உள்ள ஒரு துறைக்குள் இதை ஏன் செய்யமுடியாது? “எனக்கு எல்லாத்துலயும் ஆர்வம்” என்பது அதற்குப் பதிலாகாது.

இரண்டு கைடு இருந்தும் ஆளில்லாமல் போவது

பெரிய பள்ளம் இதுதான். இரண்டு பேராசிரியர்களிடம் தனித்தனியாகப் போய்ப் பேசி, இருவரும் “செய்ங்க, நான் இருக்கேன்” என்று சொன்னதும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்தே இருக்கமாட்டார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 பிஎச்டி விதிமுறைப்படி ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழுவின்முன் நின்று செய்த வேலையைச் சொல்லவேண்டும். முதல் அமர்வு நல்லபடியாகப் போகும். இரண்டாவது அமர்வில் கடல் உயிரியல் பேராசிரியர், “நாற்பது பேட்டி எதுக்கு? ரெண்டு தீவு கூடுதலா எடுங்க” என்பார். சமூகவியல் பேராசிரியர், “இந்த அட்டவணையெல்லாம் பின்னிணைப்புல போடுங்க, ஆட்கள் குரலே இல்லையே” என்பார். இருவர் சொன்னதையும் செய்யக் கிளம்பினால் இரண்டு ஆய்வேடு எழுதவேண்டிவரும்.

ஆகவே பதிவதற்குமுன் மூவரும் ஒரே மேசையில் ஒருமுறையாவது உட்காரவேண்டும். எது முதன்மைத் துறை, பட்டம் எந்தப் புலத்தின் பெயரில் வரும், கருத்து வேறுபட்டால் யார் சொல் எடுபடும், எந்த அத்தியாயத்தை யார் முதலில் படிப்பார், கட்டுரை வெளிவந்தால் யார் யார் பெயர் எந்த வரிசையில் என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி மூவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். “சார்கிட்ட இதெல்லாம் எப்படிக் கேக்குறது” என்று கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்துக்கு நான்காம் ஆண்டில் வட்டியோடு விலை கொடுக்கவேண்டிவரும்.

கைடின் வயதையும் காலி இடத்தையும் பாருங்கள். பேராசிரியர் ஒரு நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக ஆள் எடுக்கமுடியாது. மண்டபத்து விஞ்ஞானி ஒருவர் கோ-கைடாக வர இசைந்தால் நல்லதுதான். வேறு நிறுவனத்தில் உள்ளவரைக் கோ-கைடாகச் சேர்க்க விதி இடம் தருகிறது. ஆனால் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் எழுத்தில் வரவேண்டும். வாய்வார்த்தையை நம்பி ஓராண்டு வேலை செய்துவிட்டு, அப்புறம் அங்கீகாரம் கேட்டு அலுவலகப் படி ஏறக்கூடாது.

தேர்வாளர் விஷயமும் இங்கேயே அடங்கும். ஆய்வேடு குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்களுக்குப் போகும். இருவரும் ஒரே துறைக்காரர்களாக அமைந்தால் மற்றப் பாதி அவர்களுக்கு வேண்டாத சுமையாகத் தெரியும். பட்டியல் கொடுப்பது கைடின் வேலை, மாணவர் கை வைக்கக்கூடாது. “இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் வேண்டும்” என்று கைடிடம் நினைவூட்டலாம், அதில் தப்பில்லை.

பிஎச்டியில் சேர்ந்ததும் படிக்கவேண்டிய பாடத் தாள்களான கோர்ஸ் ஒர்க் பற்றி நீட்டவேண்டியதில்லை. குறைந்தது 12 கிரெடிட். அதில் உங்களுக்குத் தெரியாத துறையின் ஆய்வுமுறைத் தாள் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தெரிந்ததையே எடுத்து மதிப்பெண் வாங்குவது வீண்.

கடலும் சட்டமும் உங்கள் கால அட்டவணைக்குக் காத்திருக்காது

பிஎச்டிக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 6 ஆண்டு. மறுபதிவில் இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்குமேலும் 2 ஆண்டு கிடைக்கும். கேட்க நிறைய மாதிரித் தெரியும். களத்தில் எண்ணினால் அவ்வளவு இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அப்போது ஆட்கள் கரையில் இருப்பார்கள், பேட்டிக்கு நல்ல காலம். இறங்குதளத்தில் விசைப்படகு மீனை அளக்கமுடியாது. தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் விரிகுடா அமைதியாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் அப்படியே தலைகீழ். பாம்பன் பாலத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் மாதிரி எடுப்பேன் என்று திட்ட அறிக்கையில் எழுதுகிறவர், ஊர்க்காரர் யாரிடமும் அதைக் காட்டவில்லை என்று தெரிந்துவிடும்.

தீவுகளுக்குப் போவது தனிக் கதை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆய்வுக்கு உள்ளே போக அனுமதி வேண்டும். அனுமதி கேட்பது களப்பணிக்கு முந்தின வாரத்து வேலை அல்ல; பதிவான உடனே தொடங்கவேண்டியது. கடல் அட்டையும் பவளமும் அந்தச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் உள்ளவை. கரையில் ஒதுங்கிய பவளத்துண்டை மாதிரிக்கு என்று பையில் போட்டுக்கொண்டாலும் வழக்குதான். “நான் ஸ்டூடன்ட் சார்” என்றால் விட்டுவிடுவார்கள் என்று எண்ணாதீர்கள். கடல் அட்டைக் கடத்தல் வழக்குகளிலேயே பழகின ஊர் இது.

வெளிநாட்டில் பதிவு செய்துவிட்டு இங்கே களப்பணிக்கு வருபவர்கள் கோட்டைவிடுவது இன்னொரு சட்டத்தில். 2002-இன் உயிரியல் பன்மயச் சட்டப்படி, வெளிநாட்டவர் மட்டுமல்ல, வருமானவரிக் கணக்கில் ‘இந்தியாவில் வசிக்காதவர்’ ஆகிவிட்ட இந்தியக் குடிமகனும், ஆய்வுக்காக உயிர்வளத்தையோ அதைச் சார்ந்த அறிவையோ பெறச் சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் முன் ஒப்புதல் வாங்கவேண்டும். ஆண்டின் பெரும்பகுதி வான்கூவரில் தங்கிப் படிக்கும் கீழக்கரைப் பையன் அந்தக் கணக்கில் விழ வாய்ப்புண்டு. ‘சார்ந்த அறிவு’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ஒரு பாசியைக்கூடத் தொடாமல், எந்தப் பாசி எந்தக் காற்றில் எங்கே விளையும் என்று கேட்டு எழுதுவதும் அதற்குள் வரக்கூடும். பேட்டிதானே, இதற்கு என்ன அனுமதி என்று உயிரியல் படிக்காத கைடு சொல்லிவிடுவார். உயிரியல் கைடுக்கோ பேட்டி என்பது ஞாபகத்திலேயே இருக்காது. நடுவில் விழுந்துவிடும்.

பேட்டிக்கு ஒப்புதல் படிவம் வேண்டும் என்று பல்கலைக்கழக நெறிமுறைக் குழு கேட்கும், சரிதான். ஆனால் அச்சடித்த தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் பாசி எடுக்கும் அக்கா முதலில் கேட்பது இதைத்தான்: “இது ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போற பேப்பரா தம்பி?” தீவுப் பக்கம் போனதற்கு வனத்துறையோடு மல்லுக்கு நின்று பழகினவர்கள். முழங்கையில் உப்பு காய்ந்திருக்க, விரலில் சுற்றின துணியை அவிழ்த்துக்கொண்டே கேட்பார். அந்த நேரத்தில் கையெழுத்து வாங்குவது ஆகாத காரியம். தாளில் பெயர் இல்லாமல், வாய்மொழி ஒப்புதலைக் குரல்பதிவாக எடுக்கலாமா என்று குழுவிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள். சமூக அறிவியல் பக்கத்தில் இது பழகின நடைமுறை. அறிவியல் புலத்தின் குழு மட்டும் பார்த்தால் புதிதாகத் தெரியும். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் சொல்லும் பெயர்களை அப்படியே எழுதிக்கொண்டு, அறிவியல் பெயரை அப்புறம் சேர்க்கலாம். முதலிலேயே லத்தீன் பெயரைச் சொல்லிப் பேட்டியைத் தொடங்குபவருக்கு அன்றைக்கு டீ மட்டும்தான் கிடைக்கும்.

பணம், அப்புறம் வேலை

உதவித்தொகை அறிவிப்பில் தலைப்பு பற்றிய வரியைத்தான் முதலில் படிக்கவேண்டும். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, 2022-இல் வந்த வழிகாட்டுதலில், இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. நம் ஊர்க் கடற்கரை மக்களைப் பற்றி வெளிநாட்டில் படிக்க நினைக்கும் பட்டியலினப் பிள்ளைக்கு இது நேரடி அடி. எனக்கு இந்த விதி அநியாயம் என்றே படுகிறது. ஆனாலும் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைப் பார்த்துவிட்டுத் தலைப்பு எழுதுவதுதான் பிழைக்கிற வழி. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

வேலை என்று வந்தால் என் கருத்து வெளிப்படையானது: முதுகலையை இப்படிக் கலந்து படிக்காதீர்கள், பிஎச்டியைக் கலந்து செய்யுங்கள். கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு எந்தப் பாடத்தில் முதுகலை என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நெட், செட் என்னும் தகுதித் தேர்வுகளை எழுதுவதும் அந்தப் பாடத்தை வைத்துத்தான். பட்டச் சான்றில் ‘தனிநிலைப் பல்துறைப் படிப்பு’ என்று மட்டும் இருந்தால், விலங்கியல் காலியிடத்திலும் சேராது, சமூகப்பணி காலியிடத்திலும் சேராது. ஒரு துறையில் உறுதியான முதுகலை இருந்தால் அதன்மேல் கலப்பான முனைவர் பட்டம் பெருமளவு நிற்கும். அப்போதும் பட்டச் சான்றில் துறையின் பெயர் எப்படி அச்சாகும் என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச் சான்று தனியாக வாங்கவேண்டும். 2025-இல் யுஜிசி இதற்கென்று புது விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. தமிழக அரசுப் பணிக்கு வேறு பெயருள்ள பட்டத்தோடு போவதென்றால், இன்ன பட்டத்துக்கு இது இணை என்ற அரசாணை வேண்டும். டிஎன்பிஎஸ்சி அந்த அரசாணையின் தேதியையும் பார்க்கும். தேர்வு அறிவிப்பு வந்த தேதியிலோ அதற்கு முன்போ வெளியானதாக இருக்கவேண்டும். தேர்ச்சி பெற்றபின் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றால் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அதனால் பட்டம் கைக்கு வந்த மாதமே உயர்கல்வித் துறைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பாடத்திட்டம், மதிப்பெண் பட்டியல், ஒவ்வொரு தாளின் விவரம் எல்லாவற்றையும் கேட்பார்கள் என்பதால், படிக்கும்போதே ஒவ்வொரு பருவத்துக் காகிதத்தையும் பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கி ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள்.