பீர் சக்கை: குழுதாடியில் கொட்டுவதற்கு முன்

"தம்பி, மாட்டுக்கு பீர் ஊத்துறியாமே?"

கோட்டையூரில் நான் பால் ஊற்றும் வீட்டு ஆச்சி ஒருநாள் காலையில் இப்படிக் கேட்டார். சொம்பு கையில்தான் இருந்தது, ஆனால் நீட்டவில்லை. அந்தப் பாலில் கொஞ்சம் பிள்ளையாருக்கும் போகிறது என்பதால் அவருக்குக் கவலை. நான் சொன்ன பதிலைத்தான் இங்கே முதலில் எழுத வேண்டும், ஏனென்றால் பாதித் தவறுகள் அந்தப் பெயரிலிருந்தே தொடங்குகின்றன.

பீர் தயாரிக்க முளைகட்டிய பார்லியை உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்துக்கொள்கிறார்கள். தேங்காய்ப் பால் பிழிவது மாதிரிதான். ஈஸ்ட் சேர்ப்பதும் புளிக்கவைப்பதும் அந்தச் சாற்றில்தான். சக்கை அதற்கு முன்பே வெளியே வந்துவிடும். சாராயம் பிறப்பதற்கு முன்பே பிரிந்துவிட்ட சக்கையில் போதை எங்கிருந்து வரும்? ஆச்சி ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொம்பை நீட்டினார்.

ஆனால் "சாராயக் கம்பெனிச் சக்கை" என்று நம் பக்கம் ஒரே பெயரில் சொல்வது ஒரே பொருள் அல்ல. மேலே சொன்ன ஈரமான பார்லிச் சக்கை ஒன்று. எரிசாராய ஆலைகளில் மக்காச்சோளத்தையோ உடைந்த அரிசியையோ முழுதாகப் புளிக்கவைத்து, காய்ச்சி, ஆல்கஹாலை ஆவியாக எடுத்த பிறகு மிஞ்சுவதை உலர்த்தி மூட்டையில் தருவது இரண்டாவது, அதுதான் டிடிஜிஎஸ். பெட்ரோலில் எத்தனால் கலக்க ஆரம்பித்த பிறகு தீவனக் கடைகளில் அதிகம் தெரிவது இந்தச் சரக்குதான். மூன்றாவது, பீர் தொட்டியின் அடியில் படியும் ஈஸ்ட் குழம்பு. நான்காவது ஒன்றும் இருக்கிறது: சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து எரிசாராயம் எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புத் தண்ணீர், ஸ்பென்ட் வாஷ். பொட்டாசியமும் மற்ற உப்புகளும் மண்டிய கழிவுநீர் அது, அப்படியே குழுதாடியில், அதாவது மாட்டுத் தொட்டியில், ஊற்றும் பொருளே அல்ல. யாராவது அதை "மொலாசஸ்" என்று சொல்லி டின்னில் கொண்டுவந்தால் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். மொலாசஸ் தேன் மாதிரி ஒட்டி இழுக்கும், வெல்ல வாசம் அடிக்கும். இது கட்டங்காப்பி மாதிரி ஓடும்.

மிச்சம் என்றால் மாட்டுக்கு என்பது நம் ஊர்ப் பழக்கம். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, பாயசம், பொங்கலன்று மிஞ்சிய பொங்கல் எல்லாம் குழுதாடிக்குத்தான் போகும். மறுநாள் மாடு வயிற்றில் அமிலம் ஏறிப் படுத்துக்கிடக்கும், கால்நடை டாக்டர் வீடு வீடாக அலைவார். சக்கையையும் அதே கண்ணோடுதான் பார்க்கிறோம்: கழிவுதானே, சும்மா கொட்டலாம் என்று. காசு கொடுத்து வாங்கும் புண்ணாக்கை அளந்து போடுகிறவர்கூட, சக்கையைக் கூடை கூடையாகக் கொட்டுவார்.

தண்ணீருக்கு வாடகை

ஈரச் சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு டன் இறக்கினால் அதில் 750 முதல் 800 கிலோ வரை வெறும் தண்ணீர்தான். சென்னைப் பக்கமிருந்து காரைக்குடிக்கு லோடு வருகிறது என்றால் 400 கிலோமீட்டருக்கு அந்தத் தண்ணீருக்கும் சேர்த்து லாரி வாடகை கொடுக்கிறோம். 'கிலோ 6 ரூபாய்தானே' என்று பேச்சுக்கு ஒரு விலை வைத்துக்கொண்டால், அதில் உலர்பொருள் 22 சதவீதம், ஆக ஒரு கிலோ உலர்பொருளின் விலை 27 ரூபாய். கலப்புத் தீவனம் கிலோ 28 ரூபாய் என்று வைத்தால், அதில் 90 சதவீதம் உலர்பொருள், கணக்குப்படி 31 ரூபாய். வித்தியாசம் வெறும் 4 ரூபாய். லோடில் ஏழில் ஒரு பங்கு கெட்டுப்போனால் அந்த 4 ரூபாயும் போச்சு. வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கை உங்கள் ஊர் விலையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கெட்டுப்போவதைப் பற்றி நான் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. முதல் முறை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 2 டன் இறக்கினோம், அதுவும் சித்திரை மாதத்தில். வைக்க இடம் இல்லை. தெருவில் பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளுக்கா பஞ்சம்? மலேசியாவில் இருக்கும் ஒருவரின் வீட்டுக் காவல்காரரைப் பிடித்து, வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் கொட்டிக்கொண்டோம். நல்ல நிழல், குளிர்ந்த தரை, ஒரு வாரம் தாங்கும் என்று நினைப்பு. மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் முழங்கை வரை சுட்டது. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. அப்போதாவது தூக்கி எறிந்திருக்க வேண்டும். மேல் பூஞ்சையை வழித்துவிட்டு உள்ளே இருந்ததைப் போட்டோம். 8 லிட்டர் கறந்த என் மாடு 3 லிட்டருக்கு இறங்கி, சாணி தண்ணீராகப் போய், இரண்டு நாள் தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் புளித்த வாடை போக ஒரு மாதம் ஆனது. காவல்காரர் இன்றும் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

பூஞ்சையை வழித்தால் போதும் என்பதுதான் இருப்பதிலேயே மோசமான நம்பிக்கை. கண்ணுக்குத் தெரிவது பூ மட்டும். நஞ்சு அடிவரை இறங்கியிருக்கலாம். முளைகட்டிய தானியச் சக்கையில் ஆஸ்பெர்ஜில்லஸ் கிளாவேட்டஸ் என்ற ஒரு பூஞ்சை வளரும். அதன் நஞ்சு மாட்டின் நரம்பைத் தாக்கும். உடல் நடுங்கும், பின்னங்கால் தள்ளாடும், விழுந்தால் எழுந்திருக்காது. பல நாடுகளில் பீர் சக்கை தின்ற மாடுகள் இப்படிச் செத்திருக்கின்றன, அதற்கு மாற்று மருந்து கிடையாது. மாடு தள்ளாடுவதைப் பார்த்து "போதை ஏறிடுச்சு" என்று சிரிப்பவர்கள் உண்டு. அது போதை அல்ல.

நல்ல சக்கை இளம்பழுப்பாக இருக்கும், வேகவைத்த தானிய வாசம் அடிக்கும். லேசான புளிப்பு பரவாயில்லை. வினிகர் மாதிரி மூக்கில் ஏறினாலோ, கருத்தாலோ, பச்சை, நீலம், வெள்ளை என்று எந்தப் பூஞ்சை தெரிந்தாலோ எருக்குழிக்குத்தான். நம் வெயிலில் திறந்தவெளியில் இரண்டு நாளுக்கு மேல் நம்பக்கூடாது.

அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் காற்றில்லாமல் மூடுவதுதான் வழி. 200 லிட்டர் நீல பேரல் போதும். அடியில் ஒரு சாண் காய்ந்த வைக்கோல் போட்டால் வடியும் சாற்றை அது குடித்துக்கொள்ளும். சக்கை வந்த அன்றே, சூடு ஆறியதும், அடுக்கு அடுக்காகப் போட்டு மிதித்து அழுத்த வேண்டும். ரொம்ப ஈரமாக இருந்தால் இடையிடையே தவிடு தூவலாம். மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் செம்புறாங்கல். மூன்று வாரம் திறக்காதீர்கள். திறந்த பேரலை நாலைந்து நாளில் தீர்த்துவிட வேண்டும். அதனால் இரண்டு மாடு வைத்திருப்பவருக்குப் பெரிய குழியைவிடச் சின்ன பேரல்தான் சரி.

எவ்வளவு, யாருக்கு

400 கிலோ எடையுள்ள கலப்பினக் கறவை மாட்டுக்கு நாளைக்கு 10 கிலோ ஈரச் சக்கை வரை போடலாம். முதல் நாளே 10 கிலோ கூடாது. ஒன்று, இரண்டு கிலோவில் ஆரம்பித்துப் பத்துப் பன்னிரண்டு நாளில் ஏற்ற வேண்டும். மாவுச்சத்தின் பெரும்பகுதி சாற்றோடு போய்விடுவதால், கல்யாணச் சோறு மாதிரி ஒரே இரவில் அமிலம் ஏற்றாது என்பது உண்மைதான். ஆனாலும் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக நாள் வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கு வேண்டவே வேண்டாம்.

இந்த 10 கிலோவில் இருக்கும் புரதம், ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ கடலைப் புண்ணாக்கில் இருப்பதற்குச் சமம். அதாவது சக்கை புண்ணாக்கின் இடத்தில் வர வேண்டிய பொருள், வைக்கோலின் இடத்தில் அல்ல. பார்க்க உமியும் தோலுமாக இருப்பதால் நார்ச்சத்து நிறைய என்று நினைத்து வைக்கோலைக் குறைத்துவிடுகிறோம். அந்த நார் பொடி நார், அசைபோட வைக்காது. அசைபோடாத மாட்டுக்கு எச்சில் ஊறாது, எச்சில் இல்லாவிட்டால் வயிற்று அமிலம் தணியாது, பாலில் கொழுப்பு இறங்கும். பால் கூடியும் சங்கத்தில் விலை குறைகிறதே என்று புலம்புகிறவர்கள் முதலில் வைக்கோல் படப்பைப் பார்க்க வேண்டும். காலையில் வைக்கோல் கொஞ்சம் தின்ற பிறகு சக்கை என்ற வரிசையை நான் மாற்றுவதில்லை.

அப்புறம் சுண்ணாம்புச் சத்து. தானியச் சக்கை எதுவானாலும் அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கன்று ஈன்ற கறவைக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். தாது உப்புக் கலவை நாளைக்கு 50 கிராம், கூடவே தீவனத்துக்கென்று விற்கும் சுண்ணாம்புக்கல் மாவு எவ்வளவு என்பதைக் கறவைக்குத் தக்கபடி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு என்றதும் ஒருவர் சுவர் பூசக் கொண்டுவந்ததில் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டார். செட்டிநாட்டுச் சுவர்கள் சுட்ட சுண்ணாம்பால்தான் கண்ணாடி மாதிரி மின்னுகின்றன, ஆனால் அது மாட்டின் வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும்.

இதே பாஸ்பரஸ், ஆட்டுக் கிடாய்களை வேறு விதமாகப் பிடிக்கும். கோயில் கிடாவெட்டுக்கு நேர்ந்துவிட்ட கிடாயைச் சீக்கிரம் கொழுக்கவைக்கச் சக்கையாகப் போட்டால் சிறுநீர்ப் பாதையில் கல் சேரும். காயடித்த கிடாய்க்கு ஆபத்து இன்னும் அதிகம். முக்கி முக்கி நின்று, வயிறு வீங்கி, குறித்த நாளுக்கு முன்பே போய்விடும். செம்மறிக்கு இன்னொரு தொல்லை உண்டு. செம்புக் கொப்பரையில் காய்ச்சும் விஸ்கி ஆலைகளின் சக்கையில் செம்பு கலந்திருக்கலாம். மாடு தாங்கும் அளவைச் செம்மறியின் ஈரல் தாங்காது. சக்கை எந்த ஆலையிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் செம்மறிப் பட்டிக்குள் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளை தயார் செய்கிறவர்கள், சக்கை போட்டால் வெறி ஏறும் என்று கேட்டு வருவதும் உண்டு. ஏறாது. பழக்கமில்லாத வயிறு கழியும், அவ்வளவுதான்.

மூட்டையில் வரும் டிடிஜிஎஸ்

காய்ந்திருப்பதால் இது பத்திரமானது என்று தோன்றும். மக்காச்சோளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. அது ஆல்கஹாலாகப் போய்விடுவதால் புரதம் மூன்று மடங்காகச் செறிகிறது. தானியத்தில் பூஞ்சை நஞ்சு இருந்திருந்தால் அதுவும் அதே மூன்று மடங்கு. காய்ச்சும் சூட்டில் அஃப்ளாடாக்சின் அழியாது. மாடு தின்றால் அதில் ஒரு பகுதி பாலில் இறங்கும். பாலில் அஃப்ளாடாக்சின் எம்1 கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. டன் கணக்கில் வாங்குகிறவர்கள் அந்த லாட்டுக்கான பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். "போன மாசம் எடுத்தது" என்று நீட்டுவது வேறு லாட்டின் அறிக்கை.

அரிசி டிடிஜிஎஸ்ஸில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல், மக்காச்சோளத்தில் 27, 28 அளவில்தான். மக்காச்சோளச் சரக்கை அரிசிச் சரக்கின் விலைக்கு வாங்கி ஏமாறக்கூடாது. நிறத்தையும் பாருங்கள். பொன்னிறம் நல்லது. கருகிய காப்பித்தூள் நிறமும் வாடையும் இருந்தால் அதிகம் சூடுபட்ட சரக்கு, புரதம் இருக்கும், ஆனால் மாட்டுக்குச் செரிக்காது. அடர்தீவனக் கலவையில் 100 கிலோவுக்கு 15, 20 கிலோவோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். மக்காச்சோளச் சரக்கில் எண்ணெய் கூடுதல், அளவு மீறினால் அதுவும் பால் கொழுப்பைக் குறைக்கும்.

கந்தகத்தைப் பற்றி விற்கிறவர் யாரும் வாய் திறப்பதில்லை. ஆலையில் அமிலத் தன்மையைச் சரிசெய்யக் கந்தக அமிலம் சேர்ப்பதால் டிடிஜிஎஸ்ஸில் கந்தகம் ஏறியிருக்கும். தின்பதும் குடிப்பதும் சேர்ந்து, மொத்த உலர்பொருளில் 0.4 சதவீதத்தைத் தாண்டினால் மூளையைப் பாதிக்கும். மாடு கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் தண்ணீரிலும் சல்பேட் இருக்கலாம், அங்கே அளவை இன்னும் குறைக்க வேண்டும்.

ஈஸ்ட் குழம்பைப் பற்றி இரண்டு வரி போதும். உயிருள்ள ஈஸ்ட் வயிற்றுக்குள்ளும் புளிக்கவைக்கும், மாடு உப்பிக்கொள்ளும். சூடுபடுத்திச் சாகடித்த, உலர்த்திய ஈஸ்ட் நல்ல புரதம். பச்சையாக டிரம்மில் வருவதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சக்கை போட்ட நாளில் மாடு அசைபோடவில்லை, இடப்பக்கம் உப்பியிருக்கிறது, நடுங்குகிறது என்றால், எண்ணெய் ஊற்றிப் பார்ப்பது, பெருங்காயம் கரைத்துப் பார்ப்பது என்று நேரத்தைக் கழிக்காமல் 1962-க்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வீட்டுக்கே வரும். அதற்குள் மற்ற மாடுகளின் தொட்டியிலிருந்தும் அந்தச் சக்கையை அள்ளிவிடுங்கள். ஆனால் எல்லாவற்றையும் எருக்குழியில் கொட்டிவிடாமல், இரண்டு கைப்பிடியை ஒரு பையில் கட்டி நிழலில் வையுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த டாக்டர் மாட்டைத் தொடுவதற்கு முன் கேட்டது அதைத்தான், நாங்கள் அவசரத்தில் கழுவித் தள்ளியிருந்தோம்.